வேறு நேர்சரி

"இங்கே வேலை செய்கிறவர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள்?" என்று மேனுஷா கேட்டாள்.

டூட்டிங் என்ற இடத்தில் இருந்த அந்தக் குழந்தைகள் நேர்சரியின் மனேஜர், ஒரு வெள்ளைக்காரி, நெளிந்தாள். உண்மையைச் சொன்னால் ஒருவரும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதில்லை என்றாள். வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான் என்று சமாளித்தாள்.

வேறு தாய் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருப்பாள். மேனுஷாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளை ஒருவரோடும் ஒட்டாது. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

அங்கேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள்.

இத்தனைக்கும் மகள் ஆரணி இப்போது போகிற, பக்கத்து ஊரான மிச்சத்தில் இருக்கும் நேர்சரியில் இடம் கிடைக்க ஆறு மாதம் காத்திருந்தவள் அவள். அந்த இடத்தில் குறை என்று ஒன்றும் இல்லை, டயனாவைத் தவிர.

டயனா அங்கே குழந்தைகளைப் பார்க்கிறவள். மன்னார்க்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும். பதின்மூன்று மாத ஆரணி காலையில் அவளைக் கண்டால் தாயின் தோளிலிருந்து தாவும். பின்னேரம் தாயைக் கண்டால் டயனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அழும். முதல் பல்லைக் கண்டவள் டயனா. 'அம்மா' என்று சொல்ல முன்னமே 'டானா' என்று சொல்லிவிட்டது.

பெற்றவள் பார்மசியில் எட்டு மணிநேரம் நின்று கால் கடுக்க வந்தால், அவள் பங்குக்கு அழுகையும் ஈரப் பாம்பர்சும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

புருஷன் பிரவீணனுக்கு இது பகிடியாக இருந்தது.

"சனம் பிள்ளை அழாமல் நேர்சரிக்குப் போகவேணும் எண்டு நேர்த்தி வைக்குது. நீர் என்னெண்டால் பிள்ளை அழாமல் போகுதெண்டு அழுறீர்."

"உங்களுக்கென்ன? பத்து மாசம் சுமந்தது நான். இப்ப பிள்ளை அவவுக்கே?"

"அதுக்காக நல்ல இடத்தை விடுறதே?"

"விடத்தான் போறன்."

அவளுக்கென்று மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. ஆரணி முதன்முதல் நடந்தது தாயின் கண் முன்னால். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குசினியில், பிடித்திருந்த கதிரையை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்தது. மேனுஷா அதைப் போனில் பிடித்து, கனடாவில் இருக்கிறவர்களிலிருந்து ஊரில் கோண்டாவிலில் இருக்கிறவர்கள்வரை சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டுத்தான் சோற்றை இறக்கினாள்.

திங்கள் காலை முதல் வேலையாக டயனாவிடம் ஓடினாள்.

"அக்கா, ஆரணி நேற்று நடந்திட்டா. முதல்தரம்! என்ர கண்ணுக்கு முன்னால!"

அவளுடைய முகம் சுருங்குவதைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. சுருங்கினால்தானே?

"மெய்யே! வீடியோ எடுத்தனீங்களே? காட்டுங்கோ, காட்டுங்கோ." டயனா இரண்டுதரம் பார்த்தாள், கை தட்டினாள். "நீங்கள் குடுத்துவைச்சனீங்கள், தங்கச்சி."

உள்ளுக்குள் எரிகிறது, வெளியே நன்றாக நடிக்கிறாள் என்று மேனுஷா நினைத்தாள். அந்த நினைப்பு ஒரு கிழமைக்கு இனித்தது. பிறகு பழையபடி பின்னேர அழுகை, பழையபடி 'டானா'.

இன்று வேலையிலிருந்து ஒரு மணிநேரம் முந்தியே வெளிக்கிட்டு, விலகுகிறோம் என்று எழுதிய கடிதத்தோடு மிச்சம் நேர்சரிக்கு வந்தாள். கடிதத்தை டயனாவின் கையிலேயே கொடுக்கவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவெடுத்திருந்தாள்.

குழந்தைகளின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டயனாவும், வேலை பழக வந்திருக்கும் மங்கை என்ற பெட்டையும். ஆரணி ஒரு மூலையில் நித்திரை. யனுஷன் என்ற பொடியன் பாயில் எழும்பி நின்றான், ஆடினான், இரண்டு எட்டு வைத்துவிட்டுத் தொப்பென்று இருந்தான்.

"அக்கா, யனுஷன் நடந்திட்டான்!" மங்கை துள்ளினாள். "பொறுங்கோ, தாய்க்குப் போன் எடுத்துச் சொல்லுறன்."

"வேண்டாம். போனை வை."

"ஏனக்கா? கேட்டால் சந்தோஷப்படுவா."

"சந்தோஷமோ? முதல்தரம் நடக்கேக்க தான் பக்கத்தில இல்லையெண்டு, வேலையிடத்தில டொய்லட்டுக்குள்ள நிண்டு அழுவா. இண்டைக்கோ நாளைக்கோ நடப்பான்போல கிடக்கு எண்டு மட்டும் சொல்லு. வீட்டில நடக்கிறதுதான் முதல்தரம்."

"அப்ப நாங்கள் ஒண்டும் காணேல்ல எண்டு நடிக்கிறதோ?"

"ஓம். நானும் இதைப் பிழை விட்டுத்தான் பழகினனான். ஆரணிக்குப் பல்லு முளைச்சதை முந்திக்கொண்டு தாய்க்குச் சொல்லப்போய், அவவின்ர முகம் கறுத்துப்போச்சு. அண்டையோட வாயை மூடினன்."

மேனுஷா கதவைத் தள்ளப்போன கையை எடுத்துவிட்டு, வெளியே நின்றே கேட்டாள்.

டயனா யனுஷனைத் தூக்கி மடியில் இருத்தினாள். "ஆரணி போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமையே இந்தப் பாயில நடந்திட்டுது, மங்கை. திங்கள் காலமை தாய் ஓடிவந்து, முதல்தரம் நடந்திட்டா எண்டு எனக்குச் சொல்லேக்க, அந்த முகத்தை நீ பாத்திருக்கவேணும்."