கொரில்லாவின் எதிரே

"ஓடக் கூடாது. கத்தக் கூடாது. அது கண்ணைப் பார்க்கவே கூடாது மாமா. காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போற கைடு இதைத்தான் முதல்ல சொல்லுவான்" என்றார் மாப்பிள்ளை துளசிங்கம்.

அரிகிருஷ்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தாம்பரம் மார்க்கெட்டில் அரிசி மண்டி வைத்திருப்பவர். வண்டலூரில் கூண்டுக்குள் கிடக்கும் புலியையே தள்ளி நின்று பார்க்கிற ஆசாமி. அவர் பெற்ற ஒரே மகள் ஆப்பிரிக்கக் காட்டில் கொரில்லாவுக்கு எதிரே நின்றிருக்கிறாள் என்றால் சும்மாவா?

லீவுக்கு வந்த நாள் முதலாகச் சாமுண்டீஸ்வரி, "நான் திரும்பிப் போகலப்பா, பயமா கீது" என்று ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள். எதற்குப் பயம் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. சாயங்காலம் மீனம்பாக்கத்தில் விமானம். டாக்சியும் வாசலுக்கு வந்தாயிற்று. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டார் அரிகிருஷ்ணன்.

"ஓ, அதுவா? கொரில்லா பயம் மாமா!" என்று சிரித்துவிட்டுத்தான் துளசிங்கம் இந்தக் கதையை ஆரம்பித்தார்.

ஜைர் தேசத்தில் அவர் கணக்குப் பார்க்கிற கம்பெனிக்குப் பக்கத்திலேயே பெரிய மலைக்காடாம். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் மனைவியை அங்கே மூன்று நாள் டூர் கூட்டிப் போயிருக்கிறார்.

"மூங்கில் புதரை வெட்டி வெட்டி வழி பண்ணிக்கிட்டே போறோம். திடீர்னு செடியெல்லாம் ஆடுது. பார்த்தா ஆண் கொரில்லா! முதுகு பூரா வெள்ளை. நம்ம வாசக்கதவு அகலம் இருக்கும் மாமா. ஒரே உறுமல், நேரா எங்களைப் பார்த்து ஓடி வருது."

"ஐயோ, ரங்கநாதா!" சாமுண்டீஸ்வரியின் அம்மா கிளியம்மாள் திருநீர்மலைக் கோயில் இருக்கும் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கைடு சொன்னதெல்லாம் எனக்குச் சுத்தமா மறந்துடுச்சு அத்தே. எடுத்தேன் ஓட்டம்! சேத்துல வழுக்கி விழுந்து பேன்ட் கிழிஞ்சதுதான் மிச்சம்."

"எம் பொண்ணு?" அரிகிருஷ்ணன் எழுந்தே விட்டார்.

"அதான் மாமா ஆச்சரியம்! அது அவ எதிர்ல வந்து கையை ஓங்கிக்கிட்டு நிக்குது. இதோ, இப்படி!"

துளசிங்கம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். நெஞ்சில் படபடவென்று அடித்துக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேலே ஓங்கி, வீடு அதிர உறுமினார்.

காபியோடு சமையலறையிலிருந்து வந்த சாமுண்டீஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டம்ளர் உருண்டு காபி கூடமெல்லாம் ஓடியது. தலையை முழங்காலுக்குள் புதைத்து, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா? அன்னிக்கும் இதே மாதிரிதான் உட்கார்ந்தா! அது கொஞ்ச நேரம் முறைச்சுப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. கைடே அசந்துட்டான். இத்தனை வருஷத்துல இவ்வளவு கரெக்டா யாரும் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லையாம். அந்தக் கிலிதான் இவளுக்கு இன்னும் தெளியல." மனைவியின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார் துளசிங்கம். "இனிமே அந்தக் காட்டுப் பக்கமே கூட்டிட்டுப் போக மாட்டேன் மாமா. நான் கேரண்டி."

சொல்லிவிட்டு, பெட்டிகளை டிக்கியில் ஏற்ற வாசலுக்குப் போனார்.

"மாப்பிள்ளை சொக்கத் தங்கம்" என்று கிளியம்மாள் காபியைத் துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனாள்.

அரிகிருஷ்ணனுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. ஒரு மாதமாக அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டோடு தங்கிவிட்டாள் என்றால் மார்க்கெட்டில் ஆளாளுக்கு ஒன்று பேசுவான்கள். சரியென்று அனுப்பிவைத்து, அத்தனை தொலைவில் அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? இரண்டுக்கும் நடுவில் ராத்தூக்கம் போயிருந்தது. கடைசியில் பார்த்தால் ஒரு குரங்கு!

மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா சாமு, இதுக்கா சோறு தண்ணி இல்லாம கீற? அதான் மாப்பிள்ளையே சொல்லிட்டாரே, இனிமே கொரில்லாவாண்ட கூட்டிக்கினு போக மாட்டேன்னு. அப்புறம் இன்னா பயம்? கிளம்பும்மா, டாக்சிக்காரன் ஹாரன் அடிக்கிறான்."

சாமுண்டீஸ்வரி வாசலைப் பார்த்தாள். துளசிங்கம் டிக்கிக்குள் குனிந்திருந்தார். அவர் நிமிர்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல் அப்பாவின் காதருகே வந்தாள்.

"அது கையைத்தாம்ப்பா ஓங்குச்சு, அடிக்கல."