ஸ்பேனரின் வாய்

மேலிருந்து தன் கைதவறி விழுந்த ஸ்க்ரூ ஸ்பேனரைத் துடைத்து, பெட்டியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டான் லூர்து. நட்டைக் கவ்வும் அதன் வாய் ஆடுவதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கூட வேலை செய்யும் காசிம் அதை எடுத்தான். பம்ப்பின் நட்டோடு ஒட்ட வாயை இறுக்கி, முறைப்படி தன் பக்கமாக இழுத்தான். வாய் விரிந்து வழுக்கியது. வழுக்கிய வேகத்தில் கை குழாயின் விளிம்பில் இடித்து விரல்கள் பிளந்துபோயின.

"வாய இறுக்கி வைடான்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்!" சூப்பர்வைசர் கத்தினார்.

"இறுக்குன மாதிரிதான் சார் இருந்துச்சு. என் தப்புதான்" என்றான் காசிம். துணி சுற்றிய கையை நெஞ்சோடு அணைத்தபடி ஆட்டோவில் ஏறியவன் லூர்துவைப் பார்த்தான். "மச்சான், நீயாவது பாத்து செய்டா."

லூர்து தலையாட்டினான்.

ஆட்டோ போனபின் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தான். அதன் திருகை விரலால் உருட்டி வாயை முழுக்க மூடினான். விரலை எடுத்ததும் அது மெல்லத் திறந்தது. மறுபடி மூடினான். மறுபடியும் திறந்தது.

"என்னடா, ஏதாச்சும் சொல்லணுமா?" பின்னாலிருந்து சூப்பர்வைசர் கேட்டார்.

லூர்து இரண்டு கைகளாலும் அதன் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.