அடிஷனல் ஷீட்

முன் பெஞ்சிலிருந்த வேம்பு மூன்றாவது முறையாகக் கை தூக்கி, "சார், அடிஷனல் ஷீட்" என்றபோது கோமளத்துக்கு வயிறு எரிந்தது. எம்.காம் கடைசிப் பரீட்சை. இரண்டு கம்பெனிகளை ஒன்றாக இணைக்கும் பெரிய கணக்கு. கோமளத்துக்கு ஒன்றரைத் தாளிலேயே டேலி ஆகிவிட்டது. அப்படியானால் இவள் எதை எழுதித் தள்ளுகிறாள்? பி.காமிலும் இவள்தான் முதல். நமக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று இவளுக்குப் பிடிபட்டிருக்கிறது.

கோமளம் ஸ்கேலை வைத்துத் தன் விடையைக் குறுக்கே அடித்தாள். அவளும் கை தூக்கினாள். புதிதாக எழுத எழுதக் கணக்கு எங்கெங்கோ போனது. மணி அடித்ததும் ஆறு தாளையும் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

வராந்தாவில் வேம்பு கண் சிவந்து நின்றிருந்தாள்.

"நாலு தடவ போட்டேன்டி. நாலும் டேலி ஆகல, அடிச்சு அடிச்சு வெச்சிருக்கேன். ஒனக்கு வந்துச்சா?"

கோமளம் விரலைப் பார்த்தாள். நூல் அறுத்த தடம் சிவப்பாக இருந்தது.

"வந்துச்சு" என்றாள்.