எலோடியின் பீப்பாய்

மூன்றாவது பாட்டிலையும் புனல் வைத்துப் பீப்பாய்க்குள் கவிழ்த்துவிட்டு, நார்சிஸ் நிலவறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். மேலே சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மனைவி ரோசலின் இறங்கி வரவில்லை.

பிரான்சின் தெற்கே உள்ள பன்யூல்ஸ் ஊரில் பிள்ளை பிறந்தால் அந்த வருடத்து ஒயினைச் சின்னப் பீப்பாயில் ஊற்றி மூடிவிடுவார்கள். சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே சாராயம் சேர்த்து, இனிப்பு போகாமல் நிறுத்திய ஒயின்; வருடக்கணக்கில் கெடாது. நிச்சயதார்த்த விருந்தன்று சம்பந்தியின் முன்னால்தான் திறக்க வேண்டும். மகள் எலோடியின் பீப்பாய்க்கு இப்போது வயது இருபத்தாறு, விருந்து இன்று மத்தியானம்.

திறக்க வேண்டியவன் எப்போதோ திறந்துவிட்டான் என்பதுதான் சிக்கல். பெர்பின்யான் ரக்பி அணி ஜெயித்தால் ஒரு கிளாஸ், தோற்றால் துக்கத்துக்கு இரண்டு. அந்த அணி நிறையத் தோற்றது. ஒவ்வொரு வாய்க்கும் "இந்த மாதிரி ஒயின் உலகத்துலயே கிடையாது" என்று கண்ணை மூடிக்கொள்வான். போன மாதம் குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது.

பிறந்தநாள் தோறும் "உன் ஒயின் தூங்குதுடி கண்ணு" என்று மகளிடம் சொல்லி வளர்த்தவன் இவன். அவளும் அதை நம்பி மாப்பிள்ளை வீட்டாரிடமெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தாள்.

நல்ல வேளையாகக் காலையில் ரோசலினே அவனைக் கடைக்கு விரட்டினாள். "நெத்திலிக்கு ஊத்த வீட்ல சொட்டு வினிகர் இல்ல. ஓடிப்போய் ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க."

வினிகரோடு மூன்று பாட்டில் புது ஒயினும் பையின் அடியில் பதுங்கி வந்தன. இப்போது பீப்பாயை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, பக்கத்தில் 'வினிகர்' என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்த ரோசலினின் பீப்பாயை மூக்கைப் பிடித்தபடி தாண்டி மேலே ஏறினான். வினிகர் வாடையே அவனுக்கு ஆகாது.

சம்பந்தி முசியே தெல்மாஸ் போர்தோவில் ஒயின் வியாபாரி. முகர்ந்தே வயதைச் சொல்லிவிடுவார் என்று பேர். நெத்திலியும் கறியும் முடிந்ததும், நார்சிஸ் பீப்பாயை மேலே கொண்டுவந்து எல்லார் முன்னாலும் திறந்து ஊற்றினான். ரோசலின் நீலம் பூத்த ரொக்ஃபோர் சீஸைக் கொண்டுவந்து வைத்தாள்.

"சீஸ் எதுக்கு? சாக்லேட் கேக்கோடதான் இதைக் குடிக்கணும் சம்பந்தி," என்றான் நார்சிஸ். சாக்லேட் நாக்கை மழுங்கடித்துவிடும் என்பது அவன் கணக்கு.

"அதெல்லாம் டூரிஸ்டுங்க பண்றது. உப்புச் சீஸ் ஒரு துண்டு, இது ஒரு மடக்கு. அப்பத்தான் ஒயினோட வண்டவாளம் தெரியும்," என்றார் தெல்மாஸ்.

எலோடி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் பொறந்த வருஷத்து ஒயின் மாமா. என்கூடவே வளந்தது."

தெல்மாஸ் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார், ஒரு மடக்குக் குடித்தார், மறுபடி முகர்ந்தார்.

"உனக்கு எத்தன வயசும்மா?"

"இருபத்தாறு."

"அப்படியா? இதுக்கு மூணுகூட ஆகலையே."

மாப்பிள்ளைப் பையன் குனிந்து தன் தட்டையே பார்த்தான். நார்சிஸின் தோளிலிருந்து மகளின் கை மெதுவாக விலகியது. ஏதாவது பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"நான்தான் குடிச்சேன் கண்ணு. பூராவும் நானே குடிச்சுத் தீத்துட்டேன். அப்படி ஒரு ஒயின் உலகத்துலயே கிடையாது, உனக்கு ஒரு வாய்கூட வைக்கல."

எலோடி அம்மாவைப் பார்த்தாள். ரோசலின் சீஸை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு கணமும் நிற்கவில்லை.

"அழாதீங்க. இத்தன வருஷமா நீங்க குடிச்சது, நான் கோழிக் குழம்புக்கு வாங்குற ஒயின்," என்றவள் மகளிடம் திரும்பினாள்.

"எலோடி, போய் அந்த வினிகர் பீப்பாயத் தொற."