நம்பர் இல்லாத வெல்டிங்

வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான வெல்டிங் இன்ஸ்பெக்டர், எக்ஸ்ரே படத்தை மேசைமேல் வைத்தாள். மூலையில் ஒரு பெரியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏழாம் நம்பர் எண்ணெய் டாங்க்ல இந்த ஜாயிண்ட் மட்டும் ஓட்டை ஓட்டையா இருக்கு. பக்கத்துல குத்தியிருக்க வேண்டிய வெல்டரோட நம்பரும் இல்ல. யார் வெல்டிங் அடிச்சது?"

ஃபோர்மேன் தலையைச் சொறிந்தார். "விட்டுடுங்க மேடம். எண்ணெயோட முதல் கப்பல் திங்கக்கிழமை வருது."

"எண்ணெய் ஏத்தினா இங்கதான் ஒழுகும். அந்த ஆளைக் கூப்பிடுங்க."

"கூப்பிட முடியாது மேடம்."

"குடிச்சிட்டு அடிச்சானா?"

"ஐயோ, அந்தப் பழக்கமே கிடையாது."

"டெஸ்ட்ல பாஸானவன்தானே?"

"டெஸ்டே வெக்கல."

"டெஸ்ட் வெக்காம யாரை அடிக்க விட்டீங்க?"

ஃபோர்மேன் சுவரில் மாட்டியிருந்த, டாங்க் வேலையின் தொடக்க விழாப் படத்தைப் பார்த்தார். முகமூடி போட்ட ஒருவர் டாங்க்குக்கு வெல்டிங் வைக்க, சுற்றிலும் எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தாம்மா அடிச்சேன். முதலாளியாச்சே, யார் தடுப்பாங்க? வெட்டி எடுத்துடுங்க, கப்பல் நிக்கட்டும்." எழுந்தவர் தயங்கினார். "மறுபடியும் நானே அடிக்கட்டுமா?"

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு டெஸ்ட் இருக்கு சார். பாஸானா உங்களுக்கும் ஒரு நம்பர் தர்றேன்."