அக்கரைப் பொதி

ஒரு செங்கல் சூளையில் பொதி சுமந்த கழுதைக்குத் திடீரென்று வேலை போயிற்று. இங்கே ஒரு கட்டுப் புல் கேட்கும் வேலையை அக்கரை நாட்டுக் கழுதைகள் அரைக்கட்டுக்கே செய்கின்றன என்று முதலாளி சூளையையே அங்கே மாற்றிவிட்டார்.

"நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்" என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு, மூன்று நாள் பட்டினியோடு கழுதை ஆற்றை நீந்திக் கடந்தது.

அங்கே விலா எலும்பு துருத்திய ஒரு பெண் கழுதை செங்கல் சுமந்து நின்றது.

"அரைக்கட்டுக்கு எப்படி ஒத்துக்கிட்டே? எங்க பொழப்பே போச்சு!"

"இதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு பிடிகூடக் கிடைச்சதில்லையே அண்ணே" என்றது அது. பிறகு வந்த கழுதையின் ஒட்டிய வயிற்றைப் பார்த்துவிட்டு, "முதல்ல சாப்பிடுங்க" என்று தன் புல்லை நகர்த்தி வைத்தது.

கழுதை தின்றுகொண்டிருந்தபோது மேஸ்திரி வந்தார். வாயில் அந்தப் புல் இருக்கும்போதே, "ஐயா, நான் இதுல பாதிக்கே சுமக்கிறேன்" என்று அது சொல்லிவிட்டது.

மேஸ்திரி பெண் கழுதையின் பொதியை அவிழ்த்து இதன் முதுகில் ஏற்றினார்.

"இடப்பக்கம் கயிறு அறுக்கும், பார்த்துக்கங்க அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அது நடந்து போயிற்று.

பொதி ஒன்றும் அவ்வளவு கனமில்லை. ஆனாலும் கழுதையால் தலையைத் தூக்க முடியவில்லை.