முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்

பதவி உயர்வுக்கான நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் பொருளாதாரப் பேராசிரியரான குழுத் தலைவர், ஒரு மருத்துவர், பாலம் கட்டும் பொறியாளர் ஒருவர். இந்தப் பக்கம் மண் ஆராய்ச்சியாளர்.

“மொத்தம் ஆறு கட்டுரை. அஞ்சை ஒருத்தர்கூட சீண்டல,” என்றார் தலைவர். “ஆனா ‘ஈர மண்ணும் வேரின் பிடியும்’ மட்டும் எங்கேயோ போயிடுச்சு. முன்னூத்திப் பன்னெண்டு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. பொருளாதாரத்துல நானே ரெண்டு தடவை.”

“எலும்பு முறிவு பத்தி எழுதினப்போ எனக்கும் அதுதான் கைகொடுத்துச்சு,” என்றார் மருத்துவர்.

“ஏழாம் பக்கத்து வரைபடம் ஒண்ணு போதுமே,” என்று பொறியாளர் கண்ணை மூடி ரசித்தார்.

ஆராய்ச்சியாளர் நாற்காலியில் நெளிந்தார். “உங்கள்ல யார்கிட்டயாவது அதுல ஒரு பிரதி கிடைக்குமா?”

“ஏன், உங்ககிட்ட இல்லையா?”

“எழுதியிருந்தாத்தானே இருக்கும்? நான் எழுதினது அஞ்சுதான். யாரோ ஒருத்தர் தன் கட்டுரையோட மேற்கோள் பட்டியல்ல தவறுதலா என் பேர்ல அந்தத் தலைப்பைப் போட்டுட்டார். அவரைப் பார்த்து மத்தவங்களும் போட்டுக்கிட்டாங்க. அப்படி ஒரு கட்டுரையே உலகத்துல கிடையாது. எடுத்துடுங்கன்னு எட்டு வருஷமா கடிதம் போடறேன். இதைச் சொன்னா உயர்வு கிடைக்காதுன்னு தெரியும். ஆனா மனசு கேக்கல.”

மூவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படிவத்தில் எழுதினார்: ‘அபூர்வமான தன்னடக்கம். பதவி உயர்வு அளிக்கலாம்.’ கையெழுத்துப் போட்டு, படிவத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் நகர்த்தினார்.

மற்ற இருவரும் வழக்கம்போல் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.